அண்ணாச்சி, அக்கா: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வாசலில் நிற்கிற பிள்ளைகளை 'வாங்க சார், வாங்க மேடம்' என்று சொல்லப் பழக்கியிருக்கிறோம். போன மாதம் பேன்ட் சட்டையில் வந்த ஒருவரை ஒரு பையன் 'வாங்க சார்' என்றான். அவர் குரலைக் கேட்டதும் 'மேடமா!' என்று சத்தமாகச் சிரித்துவிட்டான். அவர் துணி எடுக்காமலே போய்விட்டார். இனி சார், மேடம் இரண்டுமே வேண்டாம் என்கிறார் முதலாளி. அண்ணாச்சி, அக்கா என்று முறை சொல்லிக் கூப்பிடுவது நம்மூர் வழக்கமாயிற்றே, அதையும் விட்டுவிட வேண்டுமா?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதலாளி சொல்வது சரி. 'வணக்கம், வாங்க, என்ன பாக்கணும்?' என்று முகம் பார்த்துக் கேட்டால் போதும். அதில் மரியாதை குறைந்ததாக யாருக்கும் படாது. ஆணா பெண்ணா என்று வாசலிலேயே கணக்குப் போடும் வேலையும் அந்தப் பையனுக்கு மிச்சம்.

அண்ணாச்சியை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் உங்களிடமே துணி எடுக்கிற குடும்பத்தை முறை சொல்லிக் கூப்பிடாமல் வேறெப்படிக் கூப்பிடுவது? புது ஆளிடம் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். எப்படிக் கூப்பிடலாம் என்பதைப் பேச்சுவாக்கில் அவரே காட்டிவிடுவார்.

ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். டவுனில் ஒரு கடையில் பார்த்தேன். புடவை பார்க்க வந்த பெண்களுக்கெல்லாம் 'வாங்கக்கா, உக்காருங்கக்கா, இந்த அரக்கு உங்களுக்கு எடுப்பா இருக்கும்' என்று விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார் விற்பனைப் பெண். அடுத்து ஒரு திருநங்கை வந்தார். அவருக்கு வெறும் 'என்ன வேணும்?' மட்டும்தான். வசவு எதுவும் இல்லை. எல்லோருக்கும் கிடைத்த அக்கா அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை, அவ்வளவே. அந்த முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பொதுவாக அழைப்பதென்றால் எல்லோரையும் அப்படியே அழையுங்கள். அக்கா என்பதென்றால் அவரையும் அக்கா என்றே சொல்லுங்கள்.

இது கடைக்காரர் பார்த்துச் செய்கிற தயவும் இல்லை. தன் பாலினத்தைச் சொல்லும் உரிமை அவரவருக்கே என்று 2014 ஏப்ரலில் நால்சா எனப்படும் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பொதுமக்களுக்கான பொருளிலும் சேவையிலும் திருநர்களைப் பாகுபடுத்தக் கூடாதென்று 2019ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அதற்கெல்லாம் முன்பே, 2008இல், திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது.

வாசலை விட உள்ளேதான் தப்பு அதிகம் நடக்கிறது. 'அந்த ஆளுக்குப் பில் போடு', 'அந்தம்மா பை எங்கல?' என்று தளத்துக்குத் தளம் கூவுவதெல்லாம் வாடிக்கையாளர் காதில் விழும். 'அவங்களுக்குப் பில் போடுங்க' என்று பழக்குங்கள். போனில் ஆர்டர் எடுப்பவரிடம், குரலை வைத்து முடிவு செய்யாமல் பெயரைக் கேட்டு அந்தப் பெயரையே சொல்லச் சொல்லுங்கள். தவறிப்போனால் 'மன்னிச்சுக்கோங்க' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்துக் காட்டினால் போதும். திரும்பத் திரும்பச் சொன்னால் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தப் பையனைத் திட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சிரித்தது தப்புதான், தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். நாள் முழுக்க 'ஏல, வால' என்று அதட்டு வாங்குகிற பிள்ளையிடமிருந்து மலர்ந்த 'வாங்க' வராது. அவனையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.