இருபதாயிரத்துக்குள் ஹைபிரிட் சைக்கிள்: வேகமும் வேண்டும், முதுகும் வலிக்கக் கூடாது

கேள்வி: எனக்கு வயது 46, எடை 78 கிலோ, உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். குரோம்பேட்டையில் வீடு, கிண்டியில் வேலை. ஒரு பக்கம் பத்து, பதினொரு கிலோமீட்டர். இப்போது இருப்பது முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்த 26 அங்குல எம்டிபி, அதாவது மலைப்பாதை சைக்கிள். மிதிக்கிற மிதி எல்லாம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. நண்பரின் ரோடு பைக்கை ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன். பறந்தது, ஆனால் ராத்திரி கழுத்தும் முதுகும் பிடித்துக்கொண்டன. இரண்டுக்கும் நடுவில் ஹைபிரிட் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், 21 கியர், டிஸ்க் பிரேக், முன்பக்க சஸ்பென்ஷன் உள்ள ஒன்றையும், ஏறக்குறைய அதே விலைக்கு சஸ்பென்ஷன் இல்லாத வெறும் 8 கியர் வண்டி ஒன்றையும் காட்டுகிறார்கள். 20,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது. எதை எடுப்பது?

பதில்: சஸ்பென்ஷன் இல்லாததை எடுங்கள். கடைக்காரர் மற்றதைத்தான் எடுக்கச் சொல்வார், பட்டியல் நீளமாக இருப்பதால் அது சுலபமாக விற்கும். ஆனால் உங்கள் விலையில் ஒரு வண்டியில் எல்லாவற்றையும் காட்டினால், ஏதோ ஒன்றில் காசைக் குறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த விலையில் வரும் சஸ்பென்ஷன் ஃபோர்க்குக்குள் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) பெரும்பாலும் ஒரு ஸ்பிரிங்தான் இருக்கும். அமுங்கியது நிதானமாகத் திரும்பி வர எண்ணெய் எதுவும் கிடையாது. கடையிலேயே சோதிக்கலாம்: முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் அமுக்கி விடுங்கள். டங்கென்று எகிறி வந்தால் அது வெறும் ஸ்பிரிங். மீனம்பாக்கம் பக்கம் கொஞ்சம் எழுந்து நின்று மிதிக்கும்போது, உங்கள் பலத்தில் ஒரு பங்கு அந்த ஸ்பிரிங்கை ஏற்றி இறக்கவே போகும். போதாக்குறைக்கு அதன் எடை இரண்டு கிலோவுக்கு மேல். சாதாரண ஃபோர்க் அதில் ஏறக்குறைய பாதிதான். உங்கள் பழைய வண்டியில் மிதி எங்கே போகிறது என்று கேட்டீர்களே, ஒரு பங்கு அந்த ஷாக்குகளுக்கு, மீதி பட்டன் வைத்த டயருக்கு.

அப்படியானால் குலுங்காதா? குலுக்கலைத் தாங்க வேண்டியது டயர். தார் ரோட்டில் வரும் அதிர்வுக்கு நல்ல காற்று அளவோடு இருக்கும் அகல டயர் போதும், எடையும் கூடாது, செலவும் கிடையாது. டயரின் பக்கவாட்டில் 700x38சி என்றோ 37-622 என்றோ அச்சிட்டிருக்கும். 38, 37 என்பவை டயரின் அகலத்தையும், 622 ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டத்தையும் மில்லிமீட்டரில் சொல்கின்றன. உங்களுக்கு 35-லிருந்து 40 வரை அகலம் சரி. 28, 32 என்று ஒல்லியாகக் கொடுத்து வேகம் என்று சொன்னால், மழைக்குப் பிந்தைய ஜி.எஸ்.டி. ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் மட்டும் லேசான வெட்டுகளோடும் இருக்கும் டயர்தான் தேவை.

காற்று விஷயத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பஞ்சர் கடையில் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு சார்" என்பார்கள். கல்லு மாதிரி இருந்தால் முதுகுதான் வாங்கும். உங்கள் எடைக்கு 38 அகல டயரில் பின்னால் 55-லிருந்து 60 பி.எஸ்.ஐ., முன்னால் ஐந்து குறைவாக வைத்துத் தொடங்குங்கள். டயரில் எழுதியிருக்கும் எல்லையைத் தாண்டாமல், ஏற்றி இறக்கி உங்களுக்குப் பிடித்த அளவைக் கண்டுபிடியுங்கள். மீட்டர் வைத்த பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை அடித்தால் போதும்.

இனி வேகம். ஹைபிரிட் வாங்கினால் பறக்கலாம் என்ற எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். சமதளத்தில் வேகம் கூடக் கூட, உங்களைத் தடுப்பது காற்று. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவர் 25-க்கு ஏற, காற்றைத் தள்ள மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு பலம் தேவை. ரோடு பைக் பறந்ததற்கு முக்கியக் காரணம் நீங்கள் அதன் மேல் குனிந்து படுத்ததுதான். கழுத்து வலித்ததும் அதனால்தான். இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும். உங்கள் சராசரி இப்போது 18 என்று வைத்துக்கொண்டால், நல்ல ஹைபிரிட்டில் 21 ஆகலாம். பதினொரு கிலோமீட்டருக்கு 37 நிமிடம் ஆனது 31 அல்லது 32 நிமிடமாகும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அதே தூரத்தை முடித்து ஆபீசில் இறங்கும்போது கால் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம் தெரியும்.

கியர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்னால் மூன்று பல் சக்கரம், பின்னால் ஏழு, பெருக்கி 21 என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். அவற்றில் பல சேர்க்கைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். சிலவற்றில் செயின் குறுக்காக இழுபடும், உபயோகிக்கவே கூடாது. நீங்கள் பார்க்க வேண்டியது முன்னால் உள்ள பெரிய சக்கரத்தின் பற்களும் பின்னால் உள்ள சின்னதன் பற்களும். முன் 42, பின் 14 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் மூன்று சுற்று, அதாவது ஆறரை மீட்டர். நிமிடத்துக்கு 75 சுற்று மிதித்தால் 29 கிலோமீட்டர் வேகம். ஜி.எஸ்.டி. ரோட்டில் அதற்கு மேல் யார் விடப்போகிறார்கள்? 8 கியர் வண்டியில் முன் 38 அல்லது 40, பின் 11 அல்லது 12 இருந்தால் அதைவிடக் கூடவே கிடைக்கும். பின்னால் உள்ள பெரிய சக்கரம் 32 பல் இருந்தால் பல்லாவரம் மேம்பாலமும் பிரச்சினை இல்லை. மாற்றுவது ஒரே லீவர், கெட்டுப்போக ஒரு பொருள் குறைவு.

இன்னொரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: பின்னால் இருக்கும் பல் சக்கரத் தொகுதி ஹப்பின் மேல் செருகி மாட்டும் கேசட்டா, திருகிப் பூட்டும் ஃபிரீவீலா? ஃபிரீவீலில் பின் அச்சின் ஒரு நீளம் தாங்கலே இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். 78 கிலோ ஆளும் லேப்டாப் பையும் தினமும் பள்ளத்தில் இறங்கினால் அது வளையும், சில சமயம் உடையும். கேசட் வகையில் பேரிங் ஓரமாகவே இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகப் பிடிக்கும், உண்மைதான். அதே விலைக்கு வந்தால் எடுங்கள், அதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ரிம்மை இரண்டு பக்கமும் பிடிக்கும் நல்ல வி-பிரேக்குக்குக் கட்டை மாற்றுவது எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் செய்கிற வேலை.

எல்லாவற்றுக்கும் மேலாக அளவு. உங்கள் உயரத்துக்கு அநேகமாக எம் சைஸ் வரும், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியைக் கவட்டைக்கு நடுவில் வைத்து நின்றால் மேல் பாருக்கும் உங்களுக்கும் இடையே ஓரிரு அங்குலம் இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்ற வேண்டும் என்று நம்மூரில் எல்லோரும் சீட்டை இறக்கி வைத்து, ஆறு மாதத்தில் முழங்கால் வலி என்பார்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் சீட் உயரம். ஹேண்டில்பார் முதலில் சீட்டின் மட்டத்துக்கோ கொஞ்சம் மேலேயோ இருக்கட்டும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்கு அடியில் இரண்டு மூன்று வளையங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உடம்பு பழகிய பிறகு அவற்றில் ஒன்றை மேலே மாற்றி ஹேண்டிலைக் கொஞ்சம் இறக்கலாம், வேகமும் கொஞ்சம் கூடும். சோபா போல மெத்தென்ற சீட் கடையில் ஐந்து நிமிடம் சுகம், அரை மணி நேரத்தில் தொடை உரசும். வண்டியோடு வரும் சீட்டிலேயே சில வாரம் ஓட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்று. இருபதாயிரத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஹெல்மெட், பூட்டு, முன்பின் விளக்கு, மட்கார்டு, ஸ்டாண்ட், பம்ப் என்று மூவாயிரமாவது போகும். பல ஹைபிரிட்டுகளில் மட்கார்டும் ஸ்டாண்டும் சேர்ந்து வராது. அதனால் வண்டிக்குப் பதினாறு, பதினேழு. சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய சரக்கைப் பழைய விலைக்கே சொன்னால், பில்லில் வரி எவ்வளவு என்று கேளுங்கள், விலை தானாக இறங்கும்.

கேள்வி: என்னிடமும் 26 அங்குல எம்டிபிதான். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன். புதிது வாங்கக் கையில் காசு இல்லை. டயரை மட்டும் மாற்றினால் பிரயோஜனம் உண்டா?

பதில்: உண்டு, நிறையவே. பழைய டயரில் 559 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 26x1.5 அளவில் வழவழப்பான டயர் இரண்டும், அதற்கேற்ற டியூபும் போடுங்கள். தார் ரோட்டில் பட்டன் டயர் போடும் அந்த "ஊஊம்" சத்தம் நிற்கும்போதே வித்தியாசம் புரியும். ஃபோர்க்கின் மேல் லாக் செய்யும் திருகு இருந்தால் நல்ல ரோட்டில் பூட்டிவிடுங்கள். அப்புறம் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தால் இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம்.

கேள்வி: ஆன்லைனில் ஹைபிரிட் வாங்கினேன். பெட்டியில் வந்ததைத் தெரு மெக்கானிக் பூட்டிக் கொடுத்தார். இரண்டே வாரத்தில் இடது பெடல் கழன்று விழுந்துவிட்டது. மரை போய்விட்டது, பூட்டியது உங்கள் தப்பு என்று விற்றவர் கைவிரிக்கிறார். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லிலும் இருக்கிறது.

பதில்: இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். வழக்கமான திசையில் முடுக்கினால், பெடலைத் தாங்கும் கை போன்ற அலுமினிய கிராங்கின் மரை அறுந்துவிடும். பெடல் அச்சின் முனையில் எல், ஆர் என்று குறித்திருப்பார்கள். உங்களுக்கு வந்த பெட்டியில் பூட்டும் முறை அச்சிட்ட தாள் இருந்ததா, விற்பனைப் பக்கத்தில் "தேர்ந்த மெக்கானிக்கே பூட்ட வேண்டும்" என்று சொல்லியிருந்தார்களா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பில்லில் உள்ள அந்த வரி சட்டத்தின் முன் பெரிதாக நிற்காது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆனால் குறை பொருளில் இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். பெடல், கிராங்க், பெட்டி மூன்றையும் படமெடுத்து, விற்றவருக்கு எழுத்தில் அனுப்பிவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்.

தாளில் தெளிவாக எழுதியிருந்து மெக்கானிக்தான் தவறியிருந்தால், முழு வண்டிக்காகச் சண்டை போட வேண்டாம். இடது கிராங்க் மட்டும் தனியாகக் கிடைக்கும், சில நூறு ரூபாயில் முடியும். அதை மாட்டும்போது முன் ஃபோர்க்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெட்டியில் திருப்பி அடைத்து வருவதை அப்படியே பூட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. வி-பிரேக் கைகள் ஃபோர்க்குக்குப் பின்னால் இருந்தால், ஓட்டுவதை நிறுத்திவிட்டு உடனே திருப்பிப் போடச் சொல்லுங்கள்.