ரோஸிக்கு ஒரு நாளைக்கு ஏழு துண்டுகள்

கேள்வி: எங்கள் லேப்ரடார் ரோஸிக்கு 11 வயதாகிறது. பின்னங்கால் மூட்டுகளில் தேய்மானம் இருப்பதாகக் கால்நடை மருத்துவர் கண்டறிந்து, ஓராண்டாகக் கார்ப்ரோஃபென் என்ற வலி மாத்திரை கொடுத்து வருகிறோம். அவளுடைய எடை 34 கிலோ. அதை 28 கிலோவாகக் குறைக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். முன்பெல்லாம் துள்ளி ஏறி அமர்ந்த சோஃபாவின் அருகில் வந்து நின்று, இப்போது என் முகத்தையே பார்க்கிறாள். மனம் கேட்காமல் பிஸ்கட்டைக் கொடுத்துவிடுகிறேன். மூட்டுகளுக்கு நன்மை செய்யும் தின்பண்டத்தை வீட்டிலேயே செய்து கொடுக்க முடியுமா? மஞ்சளும், மூட்டுக்கென விற்கப்படும் குளுக்கோசமைன் என்ற துணைச்சத்தும் சேர்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதனால் குணம் தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மூட்டின் முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு ஒருமுறை தேய்ந்துவிட்டால், எந்தத் தின்பண்டமும் அதை மீண்டும் வளர்த்துக் கொடுப்பதில்லை. வலி குறைந்தால்தான் நாய் நடக்கும். நடந்தால்தான் தொடைத் தசை வற்றாமல் இருக்கும். அந்தத் தசை இருந்தால்தான் தேய்ந்த மூட்டுக்குத் தாங்கல் கிடைக்கும். ரோஸி ஒருநாளும் முனகவில்லை என்பதால் அவளுக்கு வலி இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். நாள்பட்ட மூட்டு வலியை நாய்கள் பெரும்பாலும் சத்தம் போட்டுக் காட்டுவதில்லை. படுக்கையிலிருந்து எழும்போது முன்னங்கால்களை ஊன்றிச் சற்றுநேரம் தயங்குவது, பின்னங்கால்கள் வழுக்கி விலகுவது, ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்குவது, படிக்கட்டின் கீழே நின்று மேலே பார்ப்பது ஆகியவைதான் அவற்றின் வலி மொழி. சோஃபாவின் அருகே நின்று உங்கள் முகத்தைப் பார்ப்பதும் அவற்றில் ஒன்றுதான்.

தின்பண்டம் செய்வது நல்ல எண்ணம். ஆனால் அதில் எதைச் சேர்ப்பது என்பதைவிட, எவ்வளவு கொடுப்பது என்பதே ரோஸியின் மூட்டுகளை அதிகம் தீர்மானிக்கும். 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் 48 லேப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து அவற்றின் வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒன்றைவிட மற்றொன்றுக்கு 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வந்தார்கள். குறைவாக உண்ட நாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஏற்கெனவே தேய்மானம் கண்ட பருத்த நாய்களைப் பற்றிய வேறோர் ஆய்வில், உடல் எடையில் 6 சதவீதத்தைச் சற்றே தாண்டிக் குறைந்தபோதே நொண்டல் குறைவது தெரிந்தது. ரோஸியின் கணக்கில் அது 2 கிலோவை ஒட்டிய எடைதான். 28 கிலோ என்ற இலக்கை எண்ணி மலைக்க வேண்டாம். முதல் 2 கிலோ குறையும்போதே அவள் எழுந்திருக்கும் விதம் மாறத் தொடங்கலாம்.

ஆகவே கணக்கிலிருந்து தொடங்குவோம். 28 கிலோ இலக்கு எடையுள்ள நாயை மெலியச் செய்வதற்கு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி என்று தொடங்கி, எடை இறங்கும் வேகத்தைப் பார்த்து மருத்துவர் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. அதன்படி ரோஸிக்கு 85 கலோரி. இதை அவளுடைய வழக்கமான சாப்பாட்டின் மேல் கூடுதலாகக் கொடுக்காமல், அந்தச் சாப்பாட்டில் அதே அளவைக் குறைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். இந்த ஓர் இடத்தில்தான் அன்பான குடும்பங்கள் பெரும்பாலும் தவறிவிடுகின்றன. ஒருவர் காலையில் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாமல், மாலையில் அவரும் கொடுத்துவிடுவார். அன்றைய பங்கைக் காலையிலேயே ஒரு சிறு டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள். வீட்டில் யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்தே கொடுக்கட்டும். அது காலியாகிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இனிச் செய்முறை. 150 கிராம் ஓட்ஸை மிக்சியில் மாவாகப் பொடித்துக்கொள்ளுங்கள். தோலும் விதையும் நீக்கிய மஞ்சள் பூசணி 200 கிராம் எடுத்து, ஆவியில் வேகவைத்து மசியுங்கள். 100 கிராம் மத்தி மீனையும் ஆவியில் வேகவைத்து, ஆறிய பிறகு விரல்களால் உதிர்த்து, முள்ளை ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள். டின்னில் அடைத்த மீனானால், உப்புச் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் போட்டதாக இருக்க வேண்டும். இவற்றுடன் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்து, ஓட்ஸ் ஈரத்தை உறிஞ்சுவதற்குக் கால்மணி நேரம் விட்டுவிடுங்கள். கரண்டியை எடுத்தால் மெல்ல நழுவி விழும் கெட்டியான கலவையாக அது இருக்கும். உப்பு, சர்க்கரை, வெண்ணெய் எதுவும் வேண்டாம். 20 சென்டிமீட்டர் அகலமும் 25 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தட்டில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் 25 முதல் 30 நிமிடம் வேகவிடுங்கள். ஓவன் இல்லாவிட்டால் அதே தட்டை ஆவியில் 20 நிமிடம் வைத்தால் போதும். பல் தேய்ந்த வயதான நாய்களுக்கு ஆவியில் வெந்த மென்மையான துண்டே வசதியாக இருப்பதால், நான் அதைத்தான் அதிகம் பரிந்துரைக்கிறேன்.

ஆறிய பிறகு இரண்டரை சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் 80 துண்டுகள் கிடைக்கும். தட்டு முழுவதிலும் ஏறத்தாழ 870 கலோரி இருப்பதால், ஒரு துண்டுக்குச் சுமார் 11 கலோரி வரும். ரோஸிக்கு நாளொன்றுக்கு ஏழு துண்டுகள். ஏழு போதாது என்று தோன்றினால், ஒவ்வொன்றையும் நான்காகக் கிள்ளி 28 முறை கொடுங்கள். துண்டின் அளவைவிட, உங்கள் கையிலிருந்து எத்தனை முறை வந்தது என்பதே நாய்க்குப் பெரிதாகத் தெரியும். மூன்று நாளைக்குத் தேவையானதைக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு, மீதியை ஏழேழு துண்டுகளாகப் பொட்டலம் கட்டி உறைபெட்டியில் வைத்தால் இரண்டு மாதம் வரை பயன்படுத்தலாம். முதல் நாள் ஒரே ஒரு துண்டு கொடுத்து, வயிறு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு மெல்லக் கூட்டுங்கள்.

மத்தி மீனைச் சேர்த்ததற்குக் காரணம் அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள். நாயின் மூட்டு வலிக்காக ஆராயப்பட்ட உணவுப் பொருள்களில் ஓரளவு உறுதியான சான்று உள்ளது இவற்றுக்குத்தான். மூட்டுக்குள் நடக்கும் அழற்சியை இவை தணிக்கின்றன. ஆளி விதையிலும் ஒமேகா-3 உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதிலுள்ள வகையை மூட்டுக்குப் பயன்படும் வகையாக மாற்றிக்கொள்ளும் திறன் நாயின் உடலுக்கு மிகக் குறைவு என்பதால், இந்த நோக்கத்துக்கு மீனே உதவும். இருந்தாலும், ஏழு துண்டுகளில் ரோஸிக்குக் கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 100 மில்லிகிராம்தான். மூட்டு வலிக்காக அவள் எடையுள்ள நாய்க்கு மருத்துவர்கள் பரிந்துரைப்பதோ ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல். தின்பண்டத்தை மட்டும் நம்பி அந்த அளவை எட்ட முடியாது. எனவே, தனியாக மீன் எண்ணெய் கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அளவு மிஞ்சினால் வயிற்றுப்போக்கு வரும். இரத்தம் உறையும் தன்மையும் குறையலாம். மீன் ஈரல் எண்ணெய் என்பது வேறு பொருள். அதில் வைட்டமின் ஏ, டி இரண்டும் மிகுதியாக இருப்பதால் தொடர்ந்து கொடுத்தால் நஞ்சாகக்கூடும். வாங்கும்போது பெயரைக் கவனித்து வாங்குங்கள்.

எங்கள் வீட்டு நாய்க்கு முதன்முதலாக இப்படிச் செய்தபோது, மீன் எண்ணெயை மாவிலேயே ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டேன். சூடும் காற்றும் பட்டால் அந்த எண்ணெய் சிக்குப் பிடித்துப் பயனிழந்துவிடும். ஆறிய துண்டின் மேலோ, சாப்பாட்டின் மேலோ, கொடுக்கும் வேளையில் ஊற்றுவதுதான் முறை. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 40 கலோரி இருக்கிறது. அதையும் தின்பண்டக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும் என்பதால், எண்ணெய் கொடுக்கும் நாட்களில் ஏழு துண்டுகள் நான்காகக் குறையும்.

கலோரி மிகவும் குறைவான இன்னொன்றையும் சொல்கிறேன். எலும்புடன் கூடிய கோழியை உப்பில்லாமல் சிறு தீயில் நெடுநேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, குளிர்பெட்டியில் வைத்து, மேலே படியும் கொழுப்பை வழித்து எறியுங்கள். அரை லிட்டர் சாற்றில் கொஞ்சத்தை எடுத்து, அதில் 25 கிராம் ஜெலட்டின் தூளைத் தூவி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மீதியைக் கொதிக்காத அளவுக்குச் சூடாக்கி அதனுடன் கலந்து, அச்சில் ஊற்றிக் குளிரவைத்தால் குலுங்கும் கட்டிகளாக உறைந்துவிடும். 40 கட்டிகள் செய்தால் ஒவ்வொன்றிலும் ஒருசில கலோரிதான் இருக்கும். வெந்த எலும்பை மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். கடித்தால் ஈட்டிபோல் பிளந்து குடலைக் கிழித்துவிடும்.

மஞ்சளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதிலுள்ள குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. அதைக் கூட்டுவதற்காக மிளகுத் தூள் சேர்க்கச் சொல்வார்கள். ஆனால் மிளகு மருந்துகளின் உறிஞ்சுதலையும் மாற்றக்கூடியது. ரோஸி ஏற்கெனவே இரைப்பையை உறுத்தக்கூடிய மாத்திரையில் இருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் நான் அதைச் சேர்க்க மாட்டேன். குளுக்கோசமைனும், அதோடு சேர்த்து விற்கப்படும் காண்ட்ராய்ட்டின் என்ற துணைச்சத்தும் பல்லாண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வருபவை, பெரும்பாலும் தீங்கற்றவை. எனினும் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2022இல் வெளியான ஒரு மதிப்பீடு, அவற்றால் வலி குறைவதாகக் காணவில்லை; ஜெலட்டினோடு உறவுள்ள கொலாஜனுக்கும் பலவீனமான பலனையே கண்டது. ஆகவே மேலே சொன்ன கட்டிகளை மூட்டு மருந்தாக எண்ணாமல், எடை ஏறாமல் கொடுக்கக்கூடிய தீனியாக மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். குளுக்கோசமைனுக்குச் செலவிட நினைத்த பணத்தை நல்ல மீன் எண்ணெய்க்குச் செலவிடலாம் என்பதே என் கருத்து.

சேர்க்கவே கூடாதவை உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வேகவைத்தாலும், உலர்த்திப் பொடியாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் சைலிட்டால், சிறிதளவே உள்ளே போனாலும் இரத்தச் சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடும். சில வகை வேர்க்கடலை வெண்ணெயில் அது இருப்பதால், உறையில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் எதையும் மாவில் சேர்க்காதீர்கள். சாக்லேட், ஜாதிக்காய், மக்கடேமியா பருப்பு ஆகியவையும் கூடாது. மனிதர்களுக்கான வலி மாத்திரையை ஒரு துண்டுக்குள் மறைத்து, “இன்றைக்கு மட்டும்” என்று கொடுப்பதும் கூடவே கூடாது. பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாயின் உயிருக்கே ஆபத்தானவை.

11 வயதில் சிறுநீரகமோ கணையமோ சோர்ந்திருக்கக்கூடும். கணைய அழற்சி வந்த நாய்க்குக் கொழுப்புள்ள மீனும் எண்ணெயும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சிறுநீரகக் குறை உள்ள நாய்க்குப் புரதத்தையும் பாஸ்பரஸையும் அளந்துதான் கொடுக்க வேண்டும். மாத்திரைக்காக அவ்வப்போது எடுக்கும் இரத்தப் பரிசோதனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தச் செய்முறையை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள். வாந்தி, உணவில் வெறுப்பு, கறுத்த மலம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், அடுத்த மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் அவரை அழைத்துவிடுங்கள். நானும் அவரும் வேறுபடச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். ரோஸியைத் தொட்டுப் பார்த்தவர் அவர்.

சோஃபாவின் அருகே அவள் வந்து நிற்கும் அந்த நேரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அங்கே தரையில் வழுக்காத விரிப்பைப் போட்டு, நீங்களே கீழே இறங்கி அவள் பக்கத்தில் உட்காருங்கள். மருத்துவர் சம்மதித்தால், உட்கார்ந்திருக்கும் ரோஸியின் மூக்குக்கு நேரே ஒரு சிறு துண்டைக் காட்டி, மெதுவாக முன்னோக்கி இழுத்து அவளை எழுந்து நிற்கவையுங்கள், நின்றதும் கொடுத்துவிடுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் பின்னந்தொடைக்கு அளவான பயிற்சியாகும். அவள் தயங்கினால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

இன்றே அவள் படுக்கையிலிருந்து எழும் காட்சியைக் கைபேசியில் பதிவு செய்து வையுங்கள். எடையையும் குறித்து வையுங்கள். எட்டு வாரம் கழித்து அதே படுக்கையில், அதே கோணத்தில் மீண்டும் எடுத்து, இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவைக் குறைக்க முடியுமா என்ற கேள்வியை அன்றைக்கு அவரிடம் கேளுங்கள்.