எஸ்பிரெசோ மெஷின் மக்கர் பண்ணுதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கொங்கு நாட்டு வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் தண்ணீர்ப் பிரச்சினைதான் அதிகம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மெஷின் வாங்கி ஒரு வருஷம் ஆச்சுங்க. மோட்டார் ஓடற சத்தம் கேக்குது, காபி மட்டும் சொட்டுச் சொட்டாத்தான் இறங்குது. போர் தண்ணிதான் ஊத்தறோம். பம்ப் போயிருச்சுங்களா? (காங்கேயம் வாசகர்)

பம்பைக் கழற்றும் முன் ஒரு சோதனை செய்து பாருங்க. தூள் போடும் ஹேண்டிலை எடுத்துவிட்டு, தூள் இல்லாமல் வெறும் தண்ணீரை ஓடவிடுங்க. மேலே உள்ள சல்லடையிலிருந்து தாராளமாக விழுந்தால் மெஷினில் கோளாறு இல்லை. தூள் நைசாக இருக்கும், அல்லது அளவுக்கு மேல் போட்டு அமுக்கியிருப்பீங்க. அங்கேயும் சொட்டினால், ஸ்டீம் குழாயைத் திறந்து பம்பைப் போடுங்க. அதில் தண்ணீர் பீய்ச்சினால் பம்ப் உயிரோடுதான் இருக்கிறது. அடைப்பு சல்லடையிலோ, மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்விலோ இருக்கும். இரண்டிலும் வரவில்லை என்றால்தான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் முதலில் காற்று பிடித்திருக்கிறதா என்று பாருங்க. கிணற்று மோட்டார் காற்று பிடித்தால் தண்ணீர் ஊற்றி எடுப்போமே, அதே வேலைதான். டேங்கைக் கழற்றி, பம்ப் உறிஞ்சும் துளையில் ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீர் ஏற்றுங்க. ஸ்டீம் குழாய் திறந்தே இருக்கட்டும்.

உங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் என்பதால் என் சந்தேகம் சுண்ணாம்புப் படிவத்தின் மேல்தான். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கிடைக்கும், அதுதான் சிட்ரிக் ஆசிட். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 20 கிராம் கரைத்து, மெஷின் ஆறியிருக்கும்போது ஊற்றுங்க. சூட்டில் அது சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் சிட்ரேட்டாக மாறி, தானே ஒரு படிவமாக உட்கார்ந்துகொள்ளும். முதல் பாதியை ஸ்டீம் குழாய் வழியாக விடுங்க. செதில் செதிலாக உரியும் சுண்ணாம்பு சோலனாய்டின் சின்னத் துளைக்குப் போய் அடைத்தால் வேலை இரட்டிப்பாகும். 20 நிமிஷம் ஊறவிட்டு மிச்சத்தைக் காபி வழியில் விட்டு, இரண்டு டேங்க் நல்ல தண்ணீரால் அலசுங்க. பாய்லர் அலுமினியம் என்றால் அதற்கு மேல் ஊறவிடக் கூடாது. வினிகர் வேண்டாம், அந்த வாடை லேசில் போகாது.

எங்களுக்கு சிறுவாணித் தண்ணி வருதுங்க. இருந்தாலும் ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்தினா மெஷினுக்கு நல்லதுதானே? (கோவை வாசகி)

சிறுவாணி வருகிற வீட்டில் ஆர்ஓ எதுக்குங்க? உப்பு குறைவான மலைத்தண்ணீர் அது, அப்படியே ஊற்றலாம். ஆனால் சில அபார்ட்மென்ட்களில் கீழ்த்தொட்டியிலேயே போர் தண்ணீரைக் கலந்து மேலே ஏற்றிவிடுவார்கள். சோப்பு நன்றாக நுரைக்கிறதா என்று குழாயடியில் பார்த்தாலே தெரிந்துவிடும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது சுண்ணாம்பையும் சாதா உப்பையும் பிரித்துக் காட்டாது.

வெறும் ஆர்ஓ தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். பாய்லரில் நீர்மட்டத்தைக் கம்பி வைத்து அறியும் மெஷின்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. தாது இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால், பாய்லர் நிறைந்ததே அதற்குத் தெரியாமல் மேலும் நிரப்பிக்கொண்டே போகும். உப்புத் தண்ணி மட்டுமே கிடைக்கிறவர்கள் ஆர்ஓவோடு கொஞ்சம் கலந்துகொள்ளலாம்.

கடையில் வாங்கற ஃபில்டர் காபித் தூளையே போடறேன். புளிப்பா, தண்ணியா வருது. (திருப்பூர் வாசகர்)

மெஷினைக் குறை சொல்லாதீங்க! ஃபில்டருக்கு அரைத்த தூள் எஸ்பிரெசோவுக்குக் கொரகொரப்பு அதிகம். 9 பார் அழுத்தத்தில் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். அதே தூளில் சிக்கரி இருந்தால் சில நாளில் கூழாகி, ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். கடையில் சிக்கரி இல்லாத கொட்டையாக வாங்கி வீட்டில் அரைப்பதுதான் வழி. 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி 25 முதல் 30 விநாடிக்குள் இறங்க வேண்டும். முந்தி இறங்கினால் இன்னும் நைசாக, பிந்தினால் சற்றுப் பருமனாக அரையுங்க. மற்ற எதையும் தொடாதீங்க. கிரைண்டர் வாங்க மனமில்லை என்றால், ஹேண்டிலுக்குள் தூள் போடும் கிண்ணத்துக்குப் பதிலாக, அடியில் ஒற்றைத் துளை உள்ள பிரஷர் பாஸ்கெட்டைப் போட்டுச் சமாளிக்கலாம். நுரை வரும், ருசி அந்த அளவுக்கு வராது.

ஹேண்டிலைச் சுத்தித் தண்ணி ஒழுகுது. முன்னெல்லாம் நேரா நின்ன ஹேண்டில் இப்ப வலப்பக்கம் ரொம்பத் தள்ளிப் போகுது. (கோபி வாசகி)

ரப்பர் வாஷர் சூட்டில் கல்லாகிவிட்டது. சல்லடையைக் கழற்றி, கூரான ஊசியால் குத்தி நெம்பினால் உடைந்து உடைந்து வரும். பள்ளத்தில் ஒட்டியிருக்கும் காபிக் கசடை ஒரு துளி விடாமல் சுரண்டுங்க. அதை விட்டால் புது வாஷரும் ஒழுகும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கோங்க. தடிமனும் முக்கியம், 8 மி.மீ. வாஷர் இருந்த இடத்தில் 8.5 போட்டால் ஹேண்டில் சரியாகப் பூட்டாமல் போகலாம்.

காபி எடுத்து முடிச்சதும் 'புஸ்'ஸுன்னு தட்டுல தண்ணி கொட்டுது. (பெருந்துறை வாசகர்)

கோளாறு இல்லைங்க. மிச்ச அழுத்தத்தை சோலனாய்டு வெளியே விடுகிறது.

ஆறு மாசம் மூடி வெச்சிருந்தோம். இப்ப ஆன் பண்ணினா வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா கரண்டை நிறுத்தற சுவிட்ச்) விழுந்துடுது. (பொள்ளாச்சி வாசகர்)

ஹீட்டர்தான் பெரும்பாலும் காரணம். அதன் உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடி ஈரம் இழுத்தால் மின்சாரம் பாடிக்குக் கசியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹீட்டர் முனைகளிலிருந்து ஒயரைக் கழற்றி அளக்க வேண்டும். 1300 வாட் ஹீட்டர் என்றால் இரு முனைக்கும் இடையே 40 ஓம் அளவில் காட்டும். அது சரியாக இருந்தாலும் கசிவு இல்லை என்று அர்த்தமில்லை, மல்டிமீட்டருக்கு அது பிடிபடாமல் போகலாம். பக்கத்து மோட்டார் ரீவைண்டிங் கடையில் மெக்கர் (மின்கசிவை அளக்கும் கருவி) இருக்கும். மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் 500 வோல்ட்டில் பார்க்கச் சொல்லுங்க. ஈரம்தான் என்றால் உலர்த்தினால் சரியாகும். உறை வெடித்திருந்தால் ஹீட்டரை மாற்றியே ஆக வேண்டும். எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிற ஆள் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்க.

அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த மெஷின், 120 வோல்ட். கன்வெர்ட்டர் போதுமா? (ஈரோடு வாசகர்)

பயணத்துக்கு விற்கும் சின்னக் கன்வெர்ட்டர் புகைந்துவிடும். 1400 வாட் மெஷினுக்கு 2000 விஏ ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதைப் போட்டாலும் இங்கே 50 ஹெர்ட்ஸ்தான். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த வைப்ரேஷன் பம்ப் மெதுவாக அடிக்கும், சூடும் ஏறும். நேராகச் சொருகினால் 230 வோல்ட்டில் ஹீட்டர் ஏறத்தாழ 3.7 மடங்கு வாட் இழுக்கும், ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. பிரியமான மெஷின் என்றால் 230 வோல்ட் பம்ப், சோலனாய்டு, ஹீட்டர் மூன்றையும் மாற்றலாம். சாதாரண மெஷின் என்றால் அந்தக் காசுக்கு இங்கேயே புதுசு வாங்கிவிடலாம்.