கோபமில்லை, கதைக்க ஏலாமல் இருக்கு

கேள்வி: எனக்கு 32 வயது. களுவாஞ்சிகுடிப் பக்கம். மட்டக்களப்பு டவுனில் ஒரு கந்தோரில் வேலை. போன வருடம் கொழும்பில் ஒரு வைத்தியர் எனக்கு ஓட்டிசம், அதாவது மூளை பிறவியிலேயே வேறு விதமாக வேலை செய்கிற தன்மை, இருப்பதாகச் சொன்னார். அழுகையும் வந்தது, ஆறுதலாகவும் இருந்தது. வீட்டில் என் கணவர் இவருக்கு மட்டும்தான் தெரியும். பஸ்ஸில் பாட்டுச் சத்தம், மீன் கூடை, ஒட்டி நிற்கும் ஆட்கள். கந்தோரில் டியூப்லைட். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் வாயில் ஒரு சொல் வராது. அறையை இருட்டாக்கிப் படுத்துவிடுவேன். இவர் கோபமென்று நினைத்து, அவரும் பேசாமல் இருந்துவிடுகிறார். அம்மாவோ, சண்டைக் காலத்தில் பயந்த பிள்ளை என்று தண்ணி ஓதிக் குடிக்கத் தந்து, கையில் நூலும் கட்டிவிட்டா. அந்த நூலே அரிக்கிறது. வைகாசியில் எங்கள் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு வருகிறது. எனக்கு அது உயிர். ஆனால் போன முறை குரவைச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். எடுப்புக்காறி என்று சொந்தக்காரர் கதைத்தார்கள். எல்லாரும் தாங்குவதை நான் ஏன் தாங்க ஏலாமல் இருக்கிறேன்? இது பஞ்சியா, பலவீனமா?

பதில்:

அன்பான தங்கச்சிக்கு,

பஞ்சியும் இல்லை, பலவீனமும் இல்லை. உங்களோடு அதே பஸ்ஸில் வருகிறவர்கள் கவனிக்காத சத்தங்களையும் மணங்களையும் சேர்த்துச் சுமந்துகொண்டு டவுனுக்குப் போகிறீர்கள். அதற்குப் பிறகு ஒரு முழு நாள் வேலை. பிறகு அதே பஸ். வீட்டுப் படியேறும்போது வாய் வராமல் போவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

புதிதாக ஒரு சேலை உடுத்தால் முதல் கொஞ்ச நேரம் அதன் கரை உரசுவது எல்லாருக்கும் தெரியும். பிறகு மூளை அதைக் கணக்கெடுப்பதை விட்டுவிடும். ஃபேன் சத்தமும் அப்படித்தான், பக்கத்து மேசையில் பேனை தட்டுகிற சத்தமும் அப்படித்தான். எங்களில் பலருக்கு மூளை அவ்வளவு லேசில் விடுவதில்லை. காலையில் உடுத்த சேலை பின்னேரம் நாலு மணிக்கும் அப்போதுதான் உடுத்ததுபோல உரசும். எங்களில் என்று எழுதுகிறேன், ஏனென்றால் நானும் ஓட்டிசம் உள்ளவள்தான். நாற்பது வயது தாண்டித்தான் எனக்குத் தெரியவந்தது.

ஏன் இவ்வளவு சுணங்கித் தெரிகிறது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். 1943 இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓட்டிசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் அதிலிருந்துதான் தொடங்குவார்கள். தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கும், ஓடும் தண்ணீருக்கும், காற்றுக்கும்கூட நடுங்கிய பிள்ளைகள் அதிலேயே வருகிறார்கள். ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இந்தப் புலன் விஷயம் ஓட்டிசத்தின் ஓர் அடையாளமாகச் சேர்ந்தது 2013 இல்தான். எழுபது வருடம் பிந்தி. நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ரீச்சருக்கோ ஊர் வைத்தியருக்கோ இது தெரியாமல் இருந்ததில் அவர்கள் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. அமைதியாக இருக்கிற, சொன்னதைச் செய்கிற பெண்பிள்ளை என்றால் ஒருவரும் சந்தேகப்படவே மாட்டார்கள். கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அம்மா சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். எங்கள் மாவட்டத்தில் ஷெல் சத்தத்தோடு வளர்ந்தவர்களுக்கு இன்றைக்கும் கல்யாண வீட்டு வெடிக்கு நெஞ்சு திடுக்கிடும். சுனாமிக்குப் பிறகு கடல் இரைச்சல் கேட்டால் தூங்க ஏலாதவர்களையும் எனக்குத் தெரியும். அந்தப் பயம் உண்மையானது, அது உங்களுக்கும் இருக்கலாம். இரண்டும் ஒரே ஆளில் இருக்க முடியும். ஆனால் சண்டைப் பயம் வெண்டிக்காயின் வழுவழுப்பைத் தொண்டைக்குக் கீழே இறங்கவிடாமல் செய்யாது. சட்டைக் கழுத்துப் பட்டியை வெட்டி எறியச் சொல்லாது. இப்படியான சின்னச் சின்ன விஷயங்கள் நீங்கள் தவழ்ந்த காலத்திலேயே இருந்தனவா என்று அம்மாவிடம் ஒரு நாள் மெல்லக் கேட்டுப் பாருங்கள். தாய்மாருக்கு அது நல்ல ஞாபகம் இருக்கும். "குட்டியில மணலில கால் வைக்க மாட்டாய், தூக்கச் சொல்லி அழுவாய்" என்பதுபோல ஏதாவது ஒன்று வரும்.

சரி, இவருடைய விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது, கோபமென்று நினைத்து அவரும் பேசாமல் இருந்துவிடுகிறார் என்ற அந்த ஒரு வரியைத்தான்.

எங்கள் பக்கத்து வழமை உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவருவார். உங்கள் வீடும் அப்படித்தான் இருக்குமென்று நினைக்கிறேன். அதே வளவில் அம்மா இருப்பா, வேலிக்கு அங்காலே அக்கா இருப்பா. அந்த வளவுக்குள் அவருக்கென்று இருக்கிற ஆள் நீங்கள் மட்டும்தான். அந்த ஆள் பின்னேரம் முகம் பார்க்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், தனக்கு இங்கே இடமில்லை என்றுதான் ஒரு மனிசனுக்குப் படும். வாய் திறந்து கேட்டால் சண்டை வருமோ, சண்டை வந்தால் அம்மாவின் காதில் விழுமோ என்று அவரும் வாயை மூடிக்கொள்வார். அவருடைய மௌனத்தை நீங்கள் கோபமென்று எடுப்பீர்கள். இப்படி இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறீர்கள்.

டேமியன் மில்ட்டன் என்றொரு பிரித்தானிய ஆய்வாளர் இருக்கிறார், தானும் ஓட்டிசம் உள்ளவர். ஓட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே விளங்கிக்கொள்வதில் வருகிற கஷ்டம் இரண்டு பக்கத்துக்கும் பொது என்று 2012 இல் எழுதினார். உங்களுக்கு அவரை விளங்கவில்லை என்றால், அவருக்கும் உங்களை அந்த அளவுக்கு விளங்கவில்லை. ஆகவே முழுப் பாரத்தையும் உங்கள் தலையில் தூக்கி வைக்காதீர்கள். ஆனால் முதல் சொல்லை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் உடம்புக்குள் நடப்பது அவருக்குத் தெரிய வேறு வழி கிடையாது.

நீங்கள் களைத்திருக்கும் நேரம் அதைச் சொல்லப் போகாதீர்கள். ஒரு போயா நாள், காலமை, தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு சொல்லுங்கள். ஓட்டிசம் என்ற பெரிய விளக்கம் அன்றைக்கு வேண்டாம். "வேலையால வந்தவுடன எனக்குக் கதை வராது. உங்களில கோபமில்ல. ஒரு மணித்தியாலம் விட்டா மறுகா நானே வந்து கதைக்கிறன்." இவ்வளவு போதும். இதில் ஒரு மணித்தியாலம் என்பதுதான் முக்கியம். எப்போது கதவு திறக்கும் என்று தெரியாமல் காத்திருப்பது யாருக்கும் கஷ்டம். நேரம் தெரிந்தால் அவர் நிம்மதியாகத் தன் வேலையைப் பார்ப்பார். அதையும் சொல்ல ஏலாத நாளுக்கு ஓர் அடையாளம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். போகிற போக்கில் அவர் தோளில் ஒரு தட்டு, அல்லது பஸ்ஸில் வரும்போதே போனில் ஒரு சின்னச் செய்தி. வாய் வராத நேரத்திலும் விரலால் எழுத வருகிறவர்கள் எங்களில் நிறையப் பேர். நான் அப்படித்தான்.

இன்னொன்றையும் அவருக்குச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். எங்களில் பலருக்கு மெல்லத் தடவினால் தோல் எரியும், இறுக்கிப் பிடித்தால் உடம்பு அடங்கும். உங்களுக்கு எது என்று உங்களுக்குத்தான் தெரியும். அன்பாகத் தடவின கையை நீங்கள் தட்டிவிட்டிருந்தால், அது இன்றைக்கும் அவர் மனதில் கிடக்கும். இறுக்கிப் பிடியுங்கள், அது எனக்குச் சுகம் என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் அந்தக் காயம் ஆறிவிடும். ஆள் பக்கத்தில் இல்லாத நேரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. வெளிநாடுகளில் இதற்கென்றே பாரமான போர்வை விற்கிறார்கள், வெக்கையான கச்சான் காற்றடிக்கிற எங்கள் ஊருக்கு அது சரிவராது. பழைய நூல் சேலையொன்றை நாலாக மடித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெறும் சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்துப் பாருங்கள். தரையின் குளிரும் அந்த இறுக்கமும் சேர்ந்து, மெத்தையில் ஒரு மணித்தியாலம் கிடந்தால் வருகிற ஆறுதலைச் சிலருக்குக் கொஞ்ச நேரத்திலேயே தரலாம்.

பஸ்ஸும் கந்தோரும் சின்ன விஷயங்கள்தான், ஆனால் உங்களை அரிப்பதே அவைதான். முடிந்தால் ஒரு பஸ் முந்திப் போங்கள். ஸ்பீக்கர் எங்கே பூட்டியிருக்கிறது என்று பார்த்து, அதற்குத் தள்ளி யன்னல் பக்கம் இருங்கள். மீன் மணத்துக்கு லேஞ்சியில் தேசிக்காய் இலையோ, உங்களுக்குப் பிடித்த வேறு ஏதாவது மணமோ வைத்துக்கொள்ளுங்கள். கந்தோர் டியூப்லைட்டைப் பற்றி நீங்கள் எழுதியது கற்பனை அல்ல. பழைய சோக் உள்ள லைட் எங்கள் மின்சாரத்தில் விநாடிக்கு 100 தரம் துடிக்கும். எல்லாருக்கும் தெரியாது, சிலருக்குத் தலையிடியாகத் தெரியும். உங்கள் மேசைக்கு மேலே இருக்கிற அந்த ஒன்றை மாற்றச் சொல்லவோ, யன்னல் பக்கம் மேசை கேட்கவோ ஓட்டிசத்தைச் சொல்லத் தேவையில்லை. எனக்குத் தலையிடி வருகிறது சேர் என்றால் போதும், அது உண்மையும்தான். பெரிதாக ஏதாவது கேட்க வேண்டி வந்தால், வலுவிழந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். கந்தோரில் யாருக்கு, எப்போது சொல்வது என்பது முழுக்க உங்கள் விருப்பம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் சொல்வேன்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். பகலில் எத்தனை தரம் தண்ணி குடிக்கிறீர்கள்? வெளியிலிருந்து வருகிற சத்தத்தை அதிகமாகக் கேட்கிற பலருக்கு உள்ளிருந்து வருகிற பசியும் தாகமும் கேட்பதில்லை. சலம் கழிக்க வேண்டுமென்பதுகூட கடைசி நிமிடத்தில்தான் தெரியும். எங்கள் வெக்கையில் இது ஆபத்து. பின்னேரத் தலையிடியில் பாதி வெறும் தாகமாக இருக்கலாம். தாகம் வரட்டும் என்று காத்திராமல், மணிக்கூட்டைப் பார்த்துக் குடியுங்கள்.

இனிக் கோயில். போன முறை உங்களைக் கலைத்தது குரவை மட்டுமென்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கும் வேலைக்குப் போய், பஸ்ஸில் வந்து, குளித்து, பட்டுச் சேலை உடுத்து, சாப்பிடாமல் போயிருப்பீர்கள். கோயில் வாசலுக்கு வரும்போதே உள்ளே இடமில்லை. குரவை அதற்கு மேல் வந்து விழுந்தது. இந்த முறை சடங்கு முடிகிற குளிர்த்தி நாளைக்கு லீவு போடுங்கள். பகலில் படுங்கள். பட்டு வேண்டாம், துவைத்துத் துவைத்து மெதுவாகிப்போன நூல் சேலை போதும், அம்மாளாச்சி அதைப் பார்க்கமாட்டா. பாமசியில் காதுக்கு வைக்கிற பஞ்சு அடைப்பான் கிடைக்கும், தலைமயிரால் மூடிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அதை நாள் முழுக்க வீட்டிலும் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள், காது இன்னும் கூச்சப்படத் தொடங்கிவிடும். ஒலிபெருக்கி கட்டிய மரத்துக்குக் கீழே நிற்காமல், வெளியே போக வழியுள்ள பக்கம் மணலில் நில்லுங்கள். சனம் குறைந்த இடைநாள் இரவுகளிலும் போய் வாருங்கள். உடுக்கும் பாட்டும் அன்றைக்கு வடிவாகக் கேட்கும்.

குரவை எந்தக் கட்டத்தில் எழும்பும் என்று சின்ன வயதிலிருந்து சடங்கு பார்க்கிற உங்களுக்குத் தெரியாதா? தீபம் காட்டப் போகிறார்கள் என்றால் ஆயத்தமாக இருங்கள். எதிர்பார்த்த சத்தம் பாதி சத்தம். அதைவிட நல்ல வழி, நீங்களும் சேர்ந்து குரவை போடுவது. தன் வாயிலிருந்து வருகிற சத்தம் மற்றவர்களின் சத்தம் அளவுக்குக் காதைக் குத்தாது. ஏலாமல் போனால் வெளியே போய்க் கொஞ்சம் நின்றுவிட்டு வாருங்கள். எடுப்புக்காறி என்கிறவர்கள் சொல்லிக்கொண்டு இருக்கட்டும். கும்பிட வந்த உங்களுக்கும் அம்மாளுக்கும் நடுவே அவர்களுக்கு என்ன வேலை.

அம்மாவுக்குச் சொல்வதைச் சடங்கு முடியும்வரை தள்ளிவையுங்கள். இப்போது சொன்னால், நேர்த்தி வைக்கவும் பரிகாரம் பார்க்கவும் ஓடித்திரிவா, நீங்கள் இன்னும் களைத்துப்போவீர்கள். முதலில் இவரோடு கதைத்து, இரண்டு பேரும் ஒரு பக்கமாக நில்லுங்கள். பிறகு அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொல்லலாம். கையிலிருக்கிற நூலுக்கு மட்டும் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். தோல் அரிக்குதம்மா, சாமித் தட்டில வைக்கட்டா என்று இன்றைக்கே கேளுங்கள், ஓம் என்பா.

இதற்குப் பிறகும் ஓய்வெடுத்து ஓய்வெடுத்தும் தேறாமல், முன்பு செய்த வேலைகளே கைவராமல் போனால், அல்லது வாழ்க்கையே வேண்டாம் என்று ஒரு நாளாவது தோன்றினால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். கொழும்பு வைத்தியர் தந்த கடிதத்தையும் கொண்டு போங்கள். இரவில் ஆள் தேவைப்பட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 க்கு எடுக்கலாம், எந்த நேரமும் பதில் சொல்வார்கள். போனில் கதைக்க வராத ஆள் என்றால், இவரை எடுத்துத் தரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.