புது ஆட்கள் தண்ணீர்மலைக் கோயில் படிக்கட்டில் இறங்காமல் கூரையில் விழுவது

மைன்கிராஃப்ட் சர்வரில் நீங்கள் கட்டிய தண்ணீர்மலைக் கோயிலில் (பினாங்கு முருகன் கோயில்) புதிதாக நுழைபவர்கள் ஏன் கூரையில் விழுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஆட்கள் தோன்றும் புள்ளியை வைக்கும் செட்வேர்ல்ட்ஸ்பான் கட்டளை மட்டும் போதாது. விளையாட்டு விதிகளை மாற்றும் கேம்ரூல் கட்டளையில் ஸ்பான்ரேடியஸை, அதாவது புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி ஆள் தோன்றலாம் என்ற விதியை, 0 ஆக்குங்கள்.

ஜாவா மைன்கிராஃப்டில் அதன் இயல்பு மதிப்பு 10. அதனால்தான் நீங்கள் அடிவாரத்தில் புள்ளி வைத்தும், ஆள் சுற்றுவட்டாரத்தில் எங்காவது போய் நிற்கிறார். புதிய பதிப்பில் விதியின் பெயர் மாறியிருக்கிறது, கேம்ரூல் என்று அடித்து டேப் அழுத்தினால் பட்டியல் வரும்.

சோதிக்க, இதுவரை சர்வருக்குள் வராத நண்பரை உள்ளே விடுங்கள். நீங்களே வெளியேறி நுழைந்தால் விட்ட இடத்திலேயே நிற்பீர்கள், ஒன்றும் தெரியாது.

அப்புறம், புள்ளிக்கு மேலே வானம் தெரியணும். மண்டபத்துக்குள் வைத்தால் 0 போட்டாலும் கூரைதான்! அழகான மண்டபம்தான், ஆனால் வரவேற்பை வாசலுக்கு மாற்றிவிடுங்கள் பாஸ்.

கட்டிலில் படுத்தவர்கள் செத்தால் கட்டிலுக்கே போவார்கள். அது பிழை இல்லை.