பறித்த காய்கறி ஃப்ரிட்ஜ் இல்லாமல் சில நாள் வாடாமல் இருக்க என்ன வழி?

பறித்த பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறது. அது சுவாசிக்கிறது, நீரை இழக்கிறது. சூடு கூடக் கூட இரண்டும் வேகமாகும். அதனால் முதல் வேலை, விடிகாலையில் பறித்து உடனே நிழலுக்குக் கொண்டுபோவது. இதை விட்டுவிட்டு அப்புறம் என்ன செய்தாலும் பலன் குறைவுதான்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது, டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மின்சாரம் தேவைப்படாத குளிர்த் தொட்டி. செங்கல்லில் இரட்டைச் சுவர், நடுவே சுமார் 7.5 செ.மீ. இடைவெளி, அதில் ஆற்று மணல். மேலே ஓலையோ வைக்கோலோ வைத்து மூடி. காலை, மாலை இருவேளையும் மணலை நனைத்தால் போதும். நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். உள்ளே ஈரப்பதமும் 90 சதவீதத்தை ஒட்டி நிற்பதால் கீரை துவளாது. வறண்ட காற்று அடிக்கும் ஊர்களில் அருமையாக வேலை செய்யும். கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது.

வெங்காயத்தை மட்டும் இதில் வைக்காதீர்கள், அழுகிவிடும். அதற்குக் காற்றோட்டமான உலர்ந்த இடம் வேண்டும். பழுத்த வாழை, மாம்பழத்தையும் தள்ளி வையுங்கள். அவை விடும் எத்திலீன் வாயு பட்டால் கீரை சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.