ப்ளூடூத் ஹெட்போனில் படம் பார்த்தால் குரல் உதட்டசைவுக்குப் பின்னால் வருவது எனக்கு உடனே தெரிகிறது. என் நண்பன் ‘சரியாகத்தானே இருக்கு’ என்கிறான். ஒருவருக்குத் தெரிவது இன்னொருவருக்கு ஏன் தெரிவதில்லை?

இப்படி ஒருவர் கேட்டிருந்தார். வீடியோ எடிட்டிங் என் பிழைப்பு. குரல் உதட்டோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பதிலேயே பாதி நாள் போய்விடும். அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

ஒளிக்கு முன்னால் ஒலி ஆமைதான். நொடிக்குச் சுமார் 340 மீட்டர். ஆனால் உடம்புக்குள் நுழைந்ததும் கதை தலைகீழாகிவிடும். காது அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுவது மிக வேகமாக நடக்கிறது. விழித்திரையில் அதே வேலை ரசாயன மாற்றங்கள் வழியாக நடப்பதால் பல பத்து மில்லிவிநாடி பிடிக்கும். அப்புறம், மூக்கு நுனியையும் கால் கட்டைவிரலையும் ஒரே சமயத்தில் தொட்டுப் பாருங்கள். கால் சேதி மிக நீண்ட வழி வர வேண்டும்; ஆனாலும் இரண்டையும் ஒன்றாகத்தான் உணர்வீர்கள். ஆக, முன்பின்னாக வரும் சேதிகளை மூளை ஒரு சின்ன இடைவெளிக்குள் சேர்த்து ‘இப்போது’ என்று கட்டுகிறது.

அந்த இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவு இல்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரைப்படி, குரல் சுமார் 45 மில்லிவிநாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். பிந்தினால் 125 வரை தெரியாது. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லிவிநாடி. அதாவது ஒரு ஃபிரேம் முந்தினால் மாட்டிக்கொள்வோம், மூன்று பிந்தினால் தப்பிக்கலாம். என் அனுபவமும் அதுதான். காரணமாகச் சொல்லப்படுவதும் எளிது: தூரத்தில் ஒருவர் கோடரியை வீசினால் வெட்டு முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். சத்தம் முந்தி வருவதை நாம் வெளியுலகில் பார்த்ததே இல்லை.

சரி, ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது? இங்கேதான் மூளையின் தாளம் வருகிறது. 1924-இல் ஹான்ஸ் பெர்கர் மனிதத் தலையிலிருந்து மின்னலைகளைப் பதிவு செய்தார், 1929-இல் வெளியிட்டார். அதில் அவர் கண்ட ஆல்ஃபா அலை நொடிக்கு 8 முதல் 13 முறை துடிப்பது. கண்ணை மூடினால் பின்மண்டையில் ஓங்கி நிற்கும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 100 மில்லிவிநாடி. பார்வையை மூளை இந்தத் தாளத்துக்கு ஏற்றபடி துண்டுதுண்டாக எடுக்கிறதோ என்ற சந்தேகம் ரொம்பப் பழையது.

அதைச் சோதிக்க ஒரு நல்ல ஏமாற்று வித்தை கிடைத்தது. ஒரே ஒரு ஒளிச்சிமிட்டலோடு அடுத்தடுத்து இரண்டு ‘பீப்’ கொடுத்தால் பலருக்கு இரண்டு சிமிட்டல் தெரியும். 2000-இல் ஷாம்ஸ், கமிதானி, ஷிமோஜோ என்ற ஆய்வாளர்கள் காட்டியது இது. இரண்டு பீப்புக்கு நடுவே இடைவெளி கூடக்கூட மாயை கலைந்துவிடும். 2015-இல் செசெரே, ரீஸ், ரோமெய் மூவரும் அது கலையும் இடத்தை ஆளாளுக்கு அளந்தார்கள். ஆல்ஃபா வேகமாகத் துடிப்பவர்களுக்கு மாயை சீக்கிரம் கலைந்தது. மெதுவாகத் துடிப்பவர்களுக்கு நீண்ட இடைவெளியிலும் நீடித்தது. தலைக்கு வெளியிலிருந்து மெல்லிய மின்னோட்டம் கொடுத்துத் தாளத்தை இழுத்தபோது அந்த இடைவெளியும் கூடவே மாறியது. எனக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடிக்கும்.

பிடிக்கும் என்பதற்காக முழுதாக நம்பிவிட முடியாது. 2022-இல் பூர்கர்ஸும் நோப்பெனியும் விரிவாகச் சோதித்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. ‘உங்கள் ஆல்ஃபா வேகம்தான் உங்கள் நேர உணர்வு’ என்று யாராவது ஒரே வரியில் முடித்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். உங்கள் நண்பருக்கு மந்தமான மூளை என்று கேலி செய்யவும் இதில் இடமில்லை.

ஆளுக்கு ஆள் வேறுபாடு இருப்பது மட்டும் நிச்சயம். கிரீன்விச் வானாய்வகத்தில் தொலைநோக்கியின் கம்பியை நட்சத்திரம் கடப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கடிகார ஓசையைக் காதால் எண்ணுவார்கள். உதவியாளர் கின்னபுரூக்கின் குறிப்புகள் தலைவர் மாஸ்கலினின் குறிப்புகளைவிடச் சுமார் 0.8 நொடி பிந்தியிருந்தன. 1796-இல் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பிற்பாடு பெசல் என்ற வானியலாளர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தேர்ந்த கைகளுக்குள்ளேயே இந்த வித்தியாசம் இருந்தது தெரிந்தது. பாவம், கின்னபுரூக்குக்கு வேலை போனது போனதுதான்.

பழக்கமும் சேரும். ஒலி கொஞ்சம் பிந்தியே வரும் காட்சிகளைத் தொடர்ந்து பார்த்தால் ‘ஒன்றாக இருக்கிறது’ என்று தோன்றும் இடமே அந்தப் பக்கம் நகர்கிறது என்று 2004-இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு முறை ராத்திரி முழுக்க ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே ஒரு வீடியோவை வெட்டினேன். எல்லாம் கச்சிதமாகத் தெரிந்தது. காலையில் வயர் ஹெட்போனில் போட்டால் குரல் உதட்டுக்கு முன்னால் ஓடுகிறது!

நீங்களும் நண்பரும் சோதித்துப் பார்க்கலாம். பல வீடியோ பிளேயர்களில் ஒலியை மட்டும் முன்னே பின்னே நகர்த்தும் வசதி உண்டு. வயர் ஹெட்போனில், ஒருவர் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசும் காட்சியை எடுத்து, 20 மில்லிவிநாடியாக நகர்த்துங்கள். எப்போது உறுத்துகிறது என்று ஆளுக்கொரு தாளில் குறியுங்கள். நானும் தம்பியும் செய்தோம். குரல் முந்தும் பக்கம் இருவரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் பிடித்தோம். பிந்தும் பக்கம் நான் நிறுத்திய பிறகும் அவன் வெகுநேரம் ‘இன்னும் சரியாத்தான் இருக்கு’ என்று சொல்லிக்கொண்டிருந்தான்.